ஏலேலோ கேட்ட காது

கதை எழுதும்போது பாட்டுக் கேட்கலாமா என்று யாராவது கேட்டால், வரிகள் உள்ள பாட்டு மட்டும் வேண்டாம் என்பேன். நம் மொழியிலேயே ஒருவர் பாடிக்கொண்டிருக்க, நாமும் அதே மொழியில் வாக்கியம் கட்டினால் இரண்டில் ஒன்று தோற்கும். சினிமாப் பாட்டு இன்னும் மோசம். வரும்போதே ஒரு நடிகரையும் மலைச்சரிவையும் கூட்டிக்கொண்டு வந்துவிடும். நாகஸ்வரம் அப்படி யாரையும் அழைத்து வருவதில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் இடைசெவல்தான் வரும். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி இருவரும் ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் சங்கீதப் பைத்தியம். விளாத்திகுளத்தில் நல்லப்ப சுவாமிகள், கோவில்பட்டியில் நாகஸ்வரம் வாசித்த காருகுறிச்சி அருணாசலம் என்று கேட்பதற்கும் பக்கத்திலேயே ஆட்கள் இருந்தார்கள். அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில் குழந்தைகளின் ஆரவாரம் நிதானமாக விரிந்துகொண்டே போகிறது. ஒரு சிறுவனின் ஏக்கம் கடைசியில் ஓரிடத்தில் வந்து நிற்கிறது. அவ்வளவுதான், கதை முடிந்துவிடுகிறது. காருகுறிச்சியார் ஆலாபனையில் ஒரு சுரத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு அதில் போய் நிற்பதைக் கேட்டவர்களுக்கு இந்த வித்தை புதிதாக இராது. அவர்கள் இசையிலிருந்து எடுத்துக்கொண்டது சோகத்தையோ சந்தோஷத்தையோ அல்ல, அவசரப்படாத அந்த நடையை என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் கதை கரிசலை விட்டுக் கிழக்கே வந்து, உப்பளங்களைத் தாண்டிக் கடற்கரையில் கால் வைத்ததும் ஆலாபனை உதவுவதில்லை. காற்றுக்கு மேலே குரல் எழுப்பிப் பேசுகிற சனங்கள். பேச்சு வெட்டு வெட்டாக வரும். அங்கே கேட்க வேண்டியது கடல்தொழில் பாட்டான அம்பா.

கரைவலை இழுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வலையின் இரண்டு கயிறுகளையும் பிடித்து இரண்டு வரிசையாக ஆட்கள் நிற்பார்கள். ஒருவர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார். அதில் மாதாவும் வரலாம், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனமும் வரலாம். மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்று வாங்குவார்கள். இழுப்பு விழுவது அந்த வாங்கலில்தான். வலையின் மடி தூரத்தில் கிடக்கும்போது வரி நீளமாக, நையாண்டிக்கு இடம் விட்டு வரும். மடி கரையை நெருங்க நெருங்க வரி சுருங்கும். கடைசியில் அர்த்தமுள்ள சொற்கள் எல்லாம் உதிர்ந்து வெறும் வாங்கல் மட்டும் மிஞ்சும். உரையாடல் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. சொல்பவர் விளையாட்டாகச் சொல்லலாம். பாரம் பதிலில் இறங்க வேண்டும். இன்ஜினும் வின்ச்சும் வந்தபின் அம்பாவுக்கு வேலை குறைந்துவிட்டது. வேலை போன பிறகு மேடையில் மைக் பிடித்துப் பாடும் அம்பா எனக்கு ருசிப்பதில்லை. கயிறு இல்லாமல் அது எதை இழுக்கும்?

ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004), 2013-இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘கொற்கை’ (2009) இரண்டையும் வாய்விட்டுப் படித்தால் பலர் சேர்ந்து இழுக்கிற ஓசை கேட்கும். மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ அப்படியல்ல. அதே கடல்தான், ஆனால் அவர் காதில் விழுந்தது அம்பா அல்ல, மாதா கோயிலுக்குள்ளிருந்து வந்த பாட்டு என்று நினைக்கிறேன்.

கோயில் என்றதும் வியாகுலப் பிரசங்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. கோவாவில் பிறந்து, 1705-இல் இலங்கைக்கு வந்து, 1742-இல் அங்கேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் எழுதியது. தாய்மொழி கொங்கணி; எழுதியதோ தமிழ் உரைநடை. தவக்காலத்தில் கடற்கரை ஊர்களில் அதை ராகம் போட்டு இழுத்து வாசிப்பார்கள். சீரும் தளையும் இல்லாத வாக்கியம். எங்கே நிறுத்துவது என்பதை வாசிப்பவரின் மூச்சும் எதிரே இருப்பவர்களின் அழுகையும் சேர்ந்து முடிவு செய்யும். உரைநடையைப் பாட முடியும் என்பதற்கு இந்தக் கரையில் இவ்வளவு பழைய சாட்சி இருக்கிறது. நாவல் எழுதுகிறவர்கள் இதை ஏன் உட்கார்ந்து கேட்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

இந்தக் கரையைக் கேட்காமலே இசை எழுதியவர்களும் உண்டு. முத்துக்குளிப்பின்போது சுறாவைக் கட்ட மந்திரம் ஓதியவர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். பின்னாளில் கடல்கட்டி என்று அழைக்கப்பட்டவர்கள் இந்த மரபினர்தான். 1863-இல் பாரிஸில் மேடையேறிய, பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் ‘முத்துக்குளிப்போர்’ இசை நாடகத்திலும் ஒரு பெண் பாடித்தான் குளியாட்களைக் காக்கிறாள். முதலில் மெக்சிகோவில் நடப்பதாக யோசித்துப் பிறகு இலங்கைக்கு மாற்றிய கதை அது. இசை அருமை, ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு மன்னார் வளைகுடாக் கதை எழுதினால் கடலில் உப்பு இருக்காது.

இப்போது தூத்துக்குடியில் தோணியையும் முத்தையும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். 1974-இல் திறந்த புதுத் துறைமுகத்தை எழுதத்தான் ஆள் குறைவு. நிலக்கரி, கன்டெய்னர், கிரேன் எல்லாம் கதைக்கு வர வேண்டியவை. அதை எழுத உட்காருகிறவர் அம்பாவைத் தேடிப் போக வேண்டாம். துறைமுக வாசலில் வரிசையில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர் கேபினில் என்ன ஓடுகிறதோ அதை, பேனாவை எடுக்கும் முன், கேட்டால் போதும். பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜாதான்.