ட்ரம் செட் இல்லாத மேடை

ஆரோவிலை ஒட்டிய கோட்டக்கரையில் 2003 முதல் இயங்கும் ‘ஸ்வரம்’ பட்டறையில் சுற்றுக் கிராமத்து இளைஞர்கள் புதுப்புது இசைக்கருவிகளைச் செய்கிறார்கள். கருவி புதிதானால் இசையும் புதிதாகிவிடுமா? இதற்கு உரைகல்லாக வைத்துப் பார்க்கத் தகுந்த குழு ‘சக்தி’.

யார்க்‌ஷயரில் பிறந்த ஜான் மெக்லாஃப்லின், மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற ஜாஸ்-ராக் குழுவில் காதைப் பிளக்கும் மின்கிதார் வாசித்துப் பேர் வாங்கியவர். 1970களின் நடுவில் அதை ஓரங்கட்டிவிட்டு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயக்ராமின் கடம் இவற்றோடு சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதுதான் சக்தி. ட்ரம் செட் இல்லை, பேஸ் கிதார் இல்லை, கீபோர்டும் இல்லை. ஜாஸ்-ராக்கின் முதுகெலும்பையே உருவிவிட்ட துணிச்சல் அது.

சத்தம் குறைந்ததும் ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழுந்தது. கடத்தின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் விநாயக்ராம் எழுப்பிய கனத்த நாதம், பேஸ் இல்லாத குறையைப் பாதி தீர்த்தது. மெக்லாஃப்லினும் மேலுக்கு வேஷம் கட்டவில்லை. எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றார். அவருக்கென்றே செய்த கிதாரில் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குழித்து, ஒலித்துளைக்குக் குறுக்கே சுருதித் தந்திகளும் பூட்டினார்கள். அந்தக் குழிவால்தான் தந்தியை அமுக்கி இழுத்துக் கமகத்தின் சாயலையாவது கொண்டுவர முடிந்தது.

சாயல்தான், சறுக்கலும் அங்கிருந்தே தொடங்குகிறது. 1976இல் வெளியான முதல் தட்டின் ‘ஜாய்’ 18 நிமிடத்துக்குப் பாய்கிறது. நம் கச்சேரியில் ஆலாபனை, கீர்த்தனை எல்லாம் முடிந்துதான் தனி ஆவர்த்தனம். அதிலும் கடைசிப் பகுதியில்தான் குறைப்பு. சக்தியோ ஊறுகாயை வைத்தே முழுச் சாப்பாட்டையும் முடிக்கப் பார்த்தது. கிதாரும் வயலினும் கேள்வி-பதிலாக மோதி, சொற்கட்டு சுருங்கிச் சுருங்கி, எல்லோரும் ஒரே கோர்வையில் வந்து இறங்கினால் கைதட்டல் நிச்சயம். நாலைந்து முறை கேட்டவருக்கு அந்த இறக்கம் எங்கே என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். தாளக் கணக்கு இரு மரபினரும் சீக்கிரம் கூடிக்கொள்ளும் இடம். ராகம் அப்படியல்ல, ஆண்டுக்கணக்கில் ஊற வேண்டியது. எனவே எளிதில் ஒத்துப்போகும் பக்கமாகவே ஓட்டம் எடுத்தார்கள். ‘லோட்டஸ் ஃபீட்’ மாதிரி நிதானமான உருப்படிகள் விதிவிலக்கு.

1997இல் குழு மறுபடி கூடியது. யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின், செல்வகணேஷின் கஞ்சிரா, பின்னர் சங்கர் மகாதேவனின் குரல் என்று சேர்ந்தபோது வேகத்துக்குக் கடிவாளம் விழுந்தது. பாடகர் மூச்சு வாங்க வேண்டுமல்லவா! ஆனால் பாட்டு முன்னால் வந்ததும் வாத்தியங்கள் பக்கவாத்தியமாக ஒதுங்கின. மெல்லிசையின் சௌகரியமும் கூடவே வந்தது. 2024இல் கிராமி பெற்ற ‘திஸ் மொமென்ட்’ பக்குவமான ஆல்பம், ஆனால் எங்கேயும் ஆபத்தில் இறங்காதது.

இரண்டில் எது மேல் என்றால், 1976இன் தட்டுதான் என்பேன். புதுச் சேர்க்கை வாசிப்பவர்களின் பழைய பழக்கத்தை உடைத்தது அதில்தான். உடைத்த இடத்தில் ராகத்தை நிதானமாகக் கட்டும் பொறுமை இல்லாமல் போனதே அதன் பெருங்குறை.