அனிமே பாடல்களும் கரோக்கி அறையும்

ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓர் அனிமே தொடரின் டைட்டில் பாடலுக்குக் கிடைப்பது சுமார் 90 விநாடி. தொடரின் போக்கு என்ன, நாயகன் எப்படிப்பட்டவன், அடுத்த வாரமும் ஏன் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அதற்குள் பாடல் உணர்த்திவிட வேண்டும். திரைக்கென்று அளவெடுத்து, தேர்ந்த குரல்களுக்காக எழுதப்பட்ட இந்தப் பாடல்களைத்தான் பயிற்சியில்லாதவர்கள் கரோக்கி அறையில் முழு நீளத்துக்கும் பாடுகிறார்கள். இந்த வழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த இடமாற்றத்திலிருந்தே வருகின்றன.

இரண்டும் சந்தித்தது தாமதமாகத்தான். ஒசாமு தெஸுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' 1963-இல் ஒளிபரப்பான காலத்திலேயே அனிமேக்குத் தனிப் பாடல் வந்துவிட்டது. அதற்கு வரிகள் எழுதியவர் கவிஞர் ஷுன்தாரோ தனிகாவா. கோபே நகரில் டைசுகே இனோவே தம் கரோக்கிக் கருவியை வாடகைக்கு விடத் தொடங்கியது 1971-இல். ஆனால் அப்போது கரோக்கி மதுக்கூடங்களின் பொழுதுபோக்கு. அலுவலகம் முடிந்து வரும் ஆண்கள் பழைய சோகப் பாட்டுகளைப் பாடும் இடம் அது. 1985-இல் ஒகயாமாவில் ஒரு சரக்குப் பெட்டகத்தை அறையாக்கித் தொடங்கிய 'கரோக்கி பாக்ஸ்' முறைதான் மாணவர்களையும் குடும்பங்களையும் உள்ளே அழைத்துவந்தது. 1992-இல் தொலைபேசி இணைப்பு வழியே பாடல்களை அனுப்பும் முறை வந்ததும் இன்னொரு தடையும் நீங்கியது. அதுவரை கடைக்காரர் வாங்கி வைத்த வட்டுகளில் இருந்ததை மட்டுமே பாட முடிந்தது. வட்டில் இடம் கிடைக்காத சிறுவர் தொடரின் பாடல்கூட அதன்பின் பட்டியலில் ஏறியது.

இந்தப் பாடல்களின் பெரிய பலம், அவை கேட்டுக் கேட்டே மனப்பாடமானவை என்பது. மற்றப் பாடல்களை விரும்பியவர்தான் திரும்பக் கேட்பார். டைட்டில் பாடலோ தொடரைப் பார்க்கும் எல்லோர் காதிலும் வாராவாரம் விழுகிறது. ஹிரோனொபு காகெயாமா பாடிய 'சா-லா ஹெட்-சா-லா' 1989-இல் தொடங்கி 'டிராகன் பால் இசட்' தொடரின் முதல் 199 எபிசோடுகளுக்கு ஒலித்தது. அன்று பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் அதை உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 1988-இல் தொடங்கிய 'அன்பான்மான்' இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதாபாத்திரத்தைப் படைத்த தகாஷி யானாசேயே வரிகள் எழுதிய அதன் பாடலை, அன்று குழந்தையாக இருந்தவர்கள் இன்று தம் குழந்தைகளோடு சேர்ந்து பாடுகிறார்கள். பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே அறையில் இவ்வளவு எளிதாகச் சேர்த்துவைப்பது சாதாரண விஷயமல்ல.

கரோக்கிக்குப் பொருந்தும் பாடல் எப்படி அமைந்திருக்கும் என்பதற்கு 1995-இல் 'நியான் ஜெனசிஸ் எவாஞ்சலியன்' தொடருக்காக யோக்கோ தகாஹாஷி பாடிய 'ஸான்கோக்கு நா தென்ஷி நோ தேஸே' நல்ல சான்று. வெளிவந்து 30 ஆண்டுகள் ஆகியும் ஜப்பானில் அதிகம் பாடப்படும் அனிமே பாடல்களில் அது முன்வரிசையில் நிற்கிறது. தொடக்க அடி தாளமில்லாமல், நிதானமாக, ஏறக்குறையத் தனிக் குரலாக வருகிறது. பாடுபவருக்குக் குரலை நிலைநிறுத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. மற்றவர்களுக்கோ அந்த ஓர் அடியிலேயே என்ன பாட்டு என்று தெரிந்துவிடுகிறது. பிறகுதான் தாளம் விழுகிறது. ஜப்பானிய பாப் பாடல்களில் சரணம் முன்னால் வரும், பல்லவி பின்னால் வரும். இதில் சரணம் தாழ்ந்த சுருதியில் நகர்வதால் மூச்சைச் சேமிக்கலாம். பல்லவி மேலே ஏறும்போது அறையே சேர்ந்துகொள்கிறது. நேக்கோ ஒயிகாவாவின் வரிகளில் ரோபோவும் இல்லை, நாயகன் பெயரும் இல்லை. தொடரைப் பார்க்காதவரும் கூச்சமின்றிப் பாட முடிவது அதனால்தான்.

இந்தக் கூச்சம் ஒரு காலத்தில் உண்மையான தடையாக இருந்தது. 1972-இன் 'மஸிங்கர் இசட்' போன்ற தொடர்களின் பாடல்கள் ரோபோவின் பெயரையே முழங்கின. வளர்ந்தவர்கள் சக ஊழியர்கள் முன்னால் அவற்றைப் பாடத் தயங்கினர். 1980-களில் இசை நிறுவனங்கள் தம் பாப் கலைஞர்களை அனிமேக்குள் கொண்டுவந்தன. 1987-இல் 'சிட்டி ஹன்டர்' தொடரின் நிறைவுப் பாடலாக வந்த டிஎம் நெட்வொர்க் குழுவின் 'கெட் வைல்ட்' அதற்கு எடுத்துக்காட்டு. கதைக்கும் பாட்டுக்கும் ஒட்டுறவில்லாமல் போகிறது என்ற குறை இந்தப் போக்கின்மீது உண்டு. அது நியாயமான குறைதான். என்றாலும் கரோக்கி அறைக்கு இது நன்மையே செய்தது.

சிக்கல் 90 விநாடிக்குப் பிறகு தொடங்குகிறது. இசைத்தட்டில் வரும் முழுப் பாடல் பெரும்பாலும் நான்கு நிமிடத்தை ஒட்டியது. முதல் பல்லவிவரை முழங்கிய குரல், இரண்டாம் சரணத்தில் திரையிலிருக்கும் வரிகளை எழுத்துக்கூட்டத் தொடங்குகிறது. சேர்ந்து பாடியவர்கள் அடுத்த பாட்டைத் தேடக் கருவியை எடுக்கிறார்கள். சில பாடல்களுக்கு 'டிவி சைஸ்' என்ற சுருக்க வடிவம் பட்டியலிலேயே உண்டு. கூட்டமாகப் பாடும்போது அதைத் தேர்ந்தெடுப்பதே சரி. நேரத்துக்குக் காசு வாங்கும் அறையில் எல்லோருக்கும் முறை வரவும் அது உதவும்.

குரலின் எல்லை இதைவிடக் கடினமான சிக்கல். 2019-இல் 'டீமன் ஸ்லேயர்' தொடருக்காக லிசா பாடிய 'குரென்கே' உச்ச சுருதியில் அழுத்தம் குறையாமல் நிற்கக் கேட்கிறது. 2023-இல் 'ஒஷி நோ கோ' தொடருக்காக யோஅசோபி இரட்டையர் தந்த 'ஐடல்' அதற்கும் ஒரு படி மேல்: வேகமான ராப், திடீர் சுருதி மாற்றம், பின்னணியில் ரசிகர்களின் முழக்கம். அதை இயற்றிய அயாசே, கணினிக் குரலான வொகலாய்டுக்குப் பாட்டெழுதி வளர்ந்தவர்; மூச்சுவிட இடமில்லாத சொல்லடுக்கு அந்த மரபில் இயல்பு. ரசிக்க அருமையான பாடல்தான். ஆனால் அதைப் பாடும்போது ஒருவர் திணற, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சுருதியை இறக்கும் பொத்தான் ஒவ்வொரு கருவியிலும் இருக்கிறது. அதைத் தொடுவது தோல்வி என்று நினைத்து, மூலச் சுருதியிலேயே பாடித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வது வீண் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்தை வளர்ப்பதில் மதிப்பெண் திரைக்கும் பங்குண்டு. சுருதி எவ்வளவு பொருந்தியது, குரல் எத்தனை முறை அதிர்ந்தது என்று கருவி கணக்கிட்டு 100-க்கு மதிப்பெண் போடுகிறது. தனியே பயிற்சி செய்பவருக்கு இது பயனுள்ள கருவி. ஆனால் எளிதில் அளக்க முடிந்ததை மட்டுமே அது அளக்கிறது. காகெயாமாவின் பாட்டுக்கு உயிர் தருவது அடக்கமுடியாத உற்சாகம். அதை அப்படியே பிடித்துக் கத்திப் பாடியவருக்கு மதிப்பெண் குறையும், உணர்ச்சியின்றிக் கோடு பிடித்தாற்போல் பாடியவருக்கு ஏறும். நண்பர்கள் கூடும் அறையில் மதிப்பெண்ணை அணைத்து வைப்பதே நல்லது.

இவை எல்லாவற்றையும்விடக் கனமான குறை பணத்தில் இருக்கிறது. ஒருவர் கரோக்கியில் பாடும்போது உரிமைத்தொகை பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் போகிறது. பின்னணி இசையைக் கரோக்கி நிறுவனங்கள் புதிதாகத் தயாரித்துக்கொள்வதால், மூலப் பதிவில் பாடியவருக்குப் பொதுவாக அதில் பங்கில்லை. சட்டப்படி இதில் பிழையில்லை. ஆனாலும் மக்கள் நினைவில் வைத்திருப்பதும் திரும்பப் பாட முயல்வதும் அந்தக் குரலைத்தான். தகாஹாஷி, காகெயாமா போன்றவர்களின் பாடல்களால் இத்தனை ஆண்டு சம்பாதித்த கரோக்கித் தொழில், பாடகருக்கும் ஒரு பங்கு ஒதுக்க முன்வர வேண்டும்.