நார்ஸ்மன்: காட்டு ஏரிகளுக்கென்றே கட்டிய விமானம்

நார்ஸ்மன் விமானம் 1935 நவம்பர் 14 அன்று, மான்ட்ரியல் அருகே செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நீர்ப்பரப்பிலிருந்து முதன்முதலாக மேலெழுந்தது. பொதுவாக ஒரு விமானத்தைச் சக்கரங்களோடு வடிவமைத்துவிட்டு, பிறகுதான் மிதவைகளைப் பொருத்திப் பார்ப்பார்கள். இங்கே வரிசை தலைகீழ்: முதலில் மிதவை, அடுத்து பனிச்சறுக்குக் கட்டை, கடைசியில்தான் சக்கரம். ஓடுபாதையே இல்லாத கனடாவின் வடபுலத்தில் கோடையில் ஏரி நீரும் குளிர்காலத்தில் உறைந்த ஏரியும்தான் இறங்குதளம் என்பதை அதன் வடிவமைப்பாளர் முதல் கோட்டிலேயே ஏற்றுக்கொண்டிருந்தார்.

அவர் ராபர்ட் நூர்டைன். 1893இல் நெதர்லாந்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் தொழில் பழகி, அமெரிக்காவில் ஃபோக்கர், பெலாங்கா, பிட்கெர்ன் நிறுவனங்களில் பணியாற்றிய பின் கனடா வந்தார். காட்டுப் பகுதி விமானிகளின் தேவைகளைக் கேட்டறிந்தே தன் விமானத்தை வரைந்தார்.

நார்ஸ்மன் ஒய்யாரமான விமானம் அல்ல. மழுங்கிய மூக்கு, தடித்த உடல், பக்கத்துக்கு ஒன்றாகத் துருத்தி நிற்கும் குட்டைக் கால்கள். ஆனால் அந்தக் கால்களில்தான் அதன் அழகே இருக்கிறது. ஒவ்வொரு காலையும் இரண்டே போல்ட்டுகள் பிடித்திருக்கும். அவற்றைக் கழற்றினால் பருவத்துக்கு ஏற்ற அடிப்பாகத்தை மாட்டிக்கொள்ளலாம். இறக்கை உடலுக்கு மேலே இருப்பதால், படகுத்துறையை ஒட்டி நிறுத்திச் சரக்கு இறக்கும்போது அது இடிப்பதில்லை. பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டகம், மரத்தாலான இறக்கை, மேலே போர்த்திய துணி: தொழிற்சாலை எங்கோ இருக்க, துணி கிழிந்தால் ஏரிக்கரையிலேயே ஒட்டுப்போட்டுவிடலாம். விமானியின் வேலை தரையிறங்கியதும் முடிந்துவிடாது. கடுங்குளிரில் இரவு என்ஜின் எண்ணெயை வடித்து வைத்து, காலையில் அதைச் சூடாக்கி ஊற்ற வேண்டும். என்ஜின்மேல் கித்தான் போர்த்தி அடியில் அடுப்பு வைத்துக் காய்ச்ச வேண்டும். இந்த வாழ்க்கைக்குப் பொருந்திய எளிமை அது.

முதல் விமானத்தின் 420 குதிரைத்திறன் ரைட் என்ஜின் போதவில்லை. 1936இல் 600 குதிரைத்திறன் பிராட் அண்ட் விட்னி வாஸ்ப் பொருத்தப்பட்ட பிறகே நார்ஸ்மன் முழுமை பெற்றது. அப்படியும் 1940 வரை விற்றவை இருபதைக்கூட எட்டவில்லை. அதைக் கரையேற்றியது போர். துருவப் பகுதியை நன்கறிந்த பெர்ன்ட் பால்கன் பரிந்துரைக்க, அமெரிக்க ராணுவம் எழுநூறுக்கும் மேல் வாங்கியது. இசைக்கலைஞர் கிளென் மில்லர் 1944 டிசம்பர் 15 அன்று ஆங்கிலக் கால்வாயின்மேல் காணாமல் போனதும் ஒரு நார்ஸ்மனில்தான். இன்றும் பலருக்கு இந்த விமானத்தின் பெயர் அந்தத் துயரத்தோடு மட்டுமே நினைவிருப்பது வருத்தத்துக்குரியது.

போருக்குப் பின் உற்பத்தி உரிமை கனடியன் கார் அண்ட் ஃபவுண்டரியிடம் சென்றது. 1947இல் பறந்த டி ஹாவிலண்ட் பீவர், உலகப் புகழில் நார்ஸ்மனை முந்திக்கொண்டது. ஆயினும் காட்டு விமானம் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணத்தில் பெரும்பகுதியை அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே எழுதிவைத்தவர் நூர்டைன்தான். அவர் 1959இல் மறைந்தார். மொத்தம் 900க்கு மேல் கட்டப்பட்ட நார்ஸ்மன்களில் ஒன்றை ஒன்டாரியோவின் ரெட் லேக் ஊர்ப் பூங்காவில் இன்றும் பார்க்கலாம்.