பேர் சொல்லும் பாட்டு: மலையக இசையின் நான்கு வழிகள்

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்து இளைஞர்கள் கிற்றாரும் தப்பு மேளமுமாகப் பாடி யூடியூபில் ஏற்றும் பாடல்கள் பெருகிவிட்டன. 2023இல் மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு பரவலாக நினைவுகூரப்பட்டபின் வேகம் இன்னும் கூடியிருக்கிறது. நம்ம பிள்ளைகள் என்று கைதட்டுகிறோம். பாட்டு நன்றா என்று கேட்பதில்லை. கேட்பதற்கான அளவுகோல் வெளியில் இல்லை, நம் மரபிலேயே இருக்கிறது. அந்த மரபை நான்கு வழிகளாகப் பார்க்கலாம்.

முதலாவது, மலையிலும் லயத்து வீட்டிலும் பிறந்த பாட்டு. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) இவற்றைத் தேடித் தொகுத்தார். ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ அவர் மறைந்தபின் 1987இல் நூலாக வந்தது. கோப்பிக் காலத்துப் பாட்டொன்றில் கூடப்பிறந்தவனைப் பறிகொடுத்த மலையை ஒருத்தி விரல் நீட்டிக் காட்டுகிறாள். துயரம் பொதுவாக இல்லை. இன்ன மலை, இன்ன உறவு என்று நிற்கிறது. கங்காணியைக் கேலி செய்யும் பாட்டும், துரையை நையாண்டி செய்யும் பாட்டும் ஒப்பாரிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நம் பாட்டி பூட்டிகள் அழுதுகொண்டு மட்டும் இருக்கவில்லை.

இரண்டாவது, காமன் கூத்து. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் காமன் ஊன்றினால், இரதி மதன் கதை இரவிரவாக நடக்கும். சிவனின் நெற்றிக்கண்ணில் மதன் எரிந்தபின் இரதி வைக்கும் ஒப்பாரிக்குத் தோட்டமே கூடி நிற்கும். இங்கே தப்புதான் தலைமை. நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றியவன் அடிக்கும் அடிக்கே ஆட்டக்காரன் கால் வைக்கிறான். அதே தப்பு விடியற்காலையில் பிரட்டுக்கும், அதாவது வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கும், அழைத்தது, சாவு வீட்டுக்கும் முன் நடந்தது. என்ன நடக்கிறது என்று அடியைக் கேட்டே தூரத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாவது, மேடைப் பாட்டு. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கி, ஹட்டனை நிலைக்களமாக்கிக்கொண்டார். அவர் பேசிய கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சியம்மை பாடினார். பிரசுரமாகவும் பாட்டுகளை வெளியிட்டார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ வந்த ஆண்டு 1940. கூட்டம் கூடவே பாட வேண்டிய பாட்டு என்பதால் சொல் எளிமையாக இருந்தது, கோரிக்கை தெளிவாக இருந்தது. இந்த வழியில் இசை சில வேளை மெலிந்துபோகும், கருத்து மெலியாது.

நான்காவது, ஒலிப்பதிவு. எழுபதுகளில் ஏ.ஈ. மனோகரனும் நித்தி கனகரத்தினமும் தமிழ்ப் பொப் இசையைப் பைலாத் தாளத்தோடு பரப்பினார்கள். மலையகம் அதை ஆசையோடு கேட்டது. ஆனால் அதில் மலையகம் இல்லை. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு, கானாவையும் றப்பையும் ரொக்கையும் சேர்த்தடித்து, ஒதுக்கப்பட்டவர்களின் வாத்தியம் மேடையின் நடுவிலும் நிற்கலாம் என்று காட்டியது. அந்தக் குழுவில் பாடிய அறிவு எழுதி, பாடகி தீயோடு சேர்ந்து பாடிய ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021 மார்ச்சில் வந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தது. பாட்டியின் பெயரைச் சொல்லிப் பாடியதுதான் அந்தப் பாட்டின் பலம் என்பேன். அதே மாதந்தான் இங்கே தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்த ஆயிரத்துக்காக ஆண்டுக்கணக்கில் நடந்த இழுபறியைப் பாட மீனாட்சியம்மை மாதிரி ஒருவர் நமக்கு இருக்கவில்லை.

இந்த நான்கையும் வைத்துப் புதிய அல்பங்களைக் கேட்டால் மூன்று குறைகள் தெரிகின்றன. தப்பு முதல் பத்து வினாடி முழங்கிவிட்டு, பின்பு கணினித் தாளத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிவிடுகிறது. தேநீரில் இரத்தம் என்ற படிமம் பாட்டுக்குப் பாட்டு வருகிறது. முதலில் சொன்னவர் கண்டதைச் சொன்னார், மற்றவர்கள் கேட்டதைச் சொல்கிறார்கள். மூன்றாவது, மொழி. பிரட்டும், கொந்தரப்பு என்ற ஒப்பந்த வேலையும், அரைப்பேர் என்ற அரைநாள் சம்பளமும் வீட்டில் புழங்கும் சொற்கள். அவற்றை விட்டுவிட்டு மேடைப் பேச்சாளர் தமிழில் எழுதினால், எந்தத் தோட்டத்துப் பாட்டென்று தோட்டத்துக்காரருக்கே தெரியாது.

குறையில்லாதவையும் உண்டு. கொழுந்து நிறுக்கும்போது கழிக்கும் கிலோவைப் பற்றிக் கிண்டலாக ஒரு சரணம் வந்தால் கேட்பவர் சிரிக்கிறார், பிறகு யோசிக்கிறார். கிற்றார் அடங்கித் தப்பை முன்னே விடும் இடத்தில் ரொக் இசை நம்முடையதாகிறது. மின் கிற்றாரைத் தீட்டு என்று தள்ளுவோர் கட்சியில் நான் இல்லை. ஆர்மோனியமும் வெளியிலிருந்து வந்ததுதான். கூத்து அதை ஏற்றுக்கொண்டது.

ஆகவே இனிவரும் ஒவ்வொரு அல்பத்திடமும் மூன்று கேள்வி கேட்போம். யாரைப் பற்றி, எந்த இடத்தைப் பற்றிப் பாடுகிறாய்? தாளத்தை யார் நடத்துகிறார்? தப்படித்தவரின் பெயர் அட்டையில் இருக்கிறதா, கிற்றார்காரருக்குக் கொடுத்த அதே தொகை அவருக்கும் போனதா? கடைசிக் கேள்வியும் இசை விமர்சனத்தைச் சேர்ந்ததே. அரைப்பேருக்கு எதிராகப் பாடுகிறவர்கள் தப்புக்காரருக்கு அரைப்பேர் போடக் கூடாது.