பெயரும் தொகையும்: ஒரு பட்டாளத்துச் சாவு குறித்து

செங்கம் பக்கத்துக் கிராமத்தில் என் ஆயா அடிக்கடி சொன்ன கதை இது. அவளுடைய அண்ணன் முதல் உலகப்போரின்போது ‘பஸ்ராவுக்கு’ப் போனவர், திரும்பவில்லை. ஆயாவுக்கு பஸ்ரா ஓர் ஊரல்ல, போனவர்கள் திரும்பாத ஒரு திசை. பள்ளிக்கூடத்துப் பாடம் தந்த மிடுக்கில் ஒருமுறை, “தாத்தா நாட்டுக்காகத் தியாகம் பண்ணாரு ஆயா” என்றேன். வெடுக்கென்று சொன்னாள்: “தியாகமாவது ஒண்ணாவது. வூட்டுல தானியம் இல்ல. சம்பளம் தர்றான்னு போனான். அழுதுக்கினேதான் போனான்.”

இந்தச் சாவை வாசிக்க நம்மிடம் இரண்டு சொல்லாடல்கள்தாம் உண்டு. ஒன்று அரசுடையது: வீரம், தியாகம், மலர்வளையம். மற்றது அதற்கு எதிராக நாம் கட்டிக்கொண்டது: ஏகாதிபத்தியத்துக்கு விலைபோன கூலிப்படை. எதிரெதிராகத் தெரியும் இவ்விரண்டும் ஓரிடத்தில் ஒத்துப்போகின்றன. செத்தவனைப் பேசவிடுவதில்லை. தேசியக் கதையாடலிலும் அவனுக்கு இடமில்லை. அவன் செத்தது வெள்ளைக்காரனின் சண்டையில்.

கௌரவித்தலுக்கும் ஓர் இலக்கணம் இருக்கிறது. மெசபடோமியாவில் (இன்றைய இராக்) 1914 முதல் 1921 வரை இறந்து, புதைத்த இடம் தெரியாமல் போன 40,000க்கும் மேற்பட்டோருக்காக 1929இல் பஸ்ராவில் நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறித்தார்கள். இந்திய அதிகாரிக்கும் பெயர். சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு? படைப்பிரிவின் பெயருக்குக் கீழே ‘மேலும் இத்தனை பேர்’ என்று ஒரு தொகை. தியாகம் எல்லோருக்கும் பொது. பெயர் மட்டும் பொதுவல்ல.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2021இல், காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் தானே அமைத்த குழுவின் அறிக்கையை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. முதல் உலகப்போரில் மாண்ட இந்திய, ஆப்பிரிக்க, எகிப்தியப் படையினரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்கிறது அறிக்கை. இன்னும் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயரும் இல்லை; பலருக்கு எந்த நினைவும் இல்லை. தலைக்கல்லின் அருமை சராசரிச் சுதேசிக்கு விளங்காது என்று கோல்டுகோஸ்ட் காலனியின் ஆளுநர் 1923இல் வாதிட்டதும் அதில் பதிவாகியிருக்கிறது.

ஆப்பிரிக்கரைக் குறித்துச் சொன்ன இந்த வாதத்தைச் செங்கத்தில் நின்று படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. எங்கள் வட்டாரம் நடுகற்களின் வட்டாரம். எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. தொறு மீட்கும் சண்டையில் பட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்டது. அவனுடைய நாய்க்கும் அதில் உருவம் உண்டு, ‘கோவிவன்’ என்று பேரும் உண்டு, அது இரண்டு கள்ளர்களைக் கடித்த சேதியும் உண்டு. ஒரு நாய்க்குக் கிடைத்த வாக்கியம் பஸ்ராவில் எங்கள் ஆளுக்குக் கிடைக்கவில்லை.

இதை வைத்துப் பழம்பெருமை பேச வரவில்லை. நடுகல்லிலும் முதலில் வருவது அரசனின் பெயரும் ஆட்சியாண்டும்தான். கடிபட்ட கள்ளர்களுக்கு அங்கே கல் இல்லை. நினைவின் மேல் அதிகாரம் உட்காராத காலம் என்று ஒன்று இருந்ததில்லை. ஆனாலும் அந்தக் கல் ஒருவன் எப்படிச் செத்தான் என்று ஊருக்குச் சொல்கிறது. தொகை அதைச் சொல்லாது. ‘தியாகம்’ என்ற சொல்லும் சொல்லாது; கேள்வி எழும் முன்பே அது வாயை அடைத்துவிடுகிறது. பசித்தவனைப் பட்டாளத்துக்கு அனுப்பியது எது, அவன் சாவால் யாருக்கு லாபம் என்று அதற்கப்புறம் கேட்பவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுவார்.

விடுபட்ட பெயர்களை இப்போது தேடிச் சேர்க்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் பெயரோடு அந்தப் பசியையும் பயத்தையும் எங்கே எழுதுவது?

ஊருக்கு வெளியே எழுத்தில்லாத ஒரு நடுகல் உண்டு. வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். வருஷத்தில் ஒருநாள் ஆயா அதன் முன்னால் இலை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைப்பாள். சாமிக்கு எதுக்குக் கருவாடு என்று கேட்டேன்.

“சாமிக்கில்லடா. அவனுக்குப் புடிக்கும்.”

யாரோ ஒருவனுக்கு நட்ட கல்லில் அவள் தன் அண்ணனை நிறுத்தியிருந்தாள். வீரன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.