உருண்டைக் கல் எல்லாம் முட்டை ஆகுமா?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஏரிப் பகுதியில் மண் வெட்டியபோது முட்டை வடிவக் கற்கள் வெளிப்பட்டன. ‘டைனோசர் முட்டைகள்’ என்று செய்தி பரவியது. நிலவியல் அறிந்தோர் பார்த்துவிட்டு, இவை முட்டைகள் அல்ல. அம்மோனைட்டு போன்ற கடல் உயிர்களின் எச்சங்களைச் சுற்றிக் கடற்படிவு இறுகியதால் உண்டான உருண்டைகள் என்று விளக்கினர். ஆனால், முதற்செய்தி ஓடும் வேகத்தில் மறுப்பு ஓடுவதில்லை.

இவ்வகைச் செய்திகளில் நான் காணும் குறை, அவை தவறிவிடுகின்றன என்பதன்று. தவறுதல் எவர்க்கும் இயல்பே. ‘கிடைத்தது என்ன?’ என்று மட்டும் கேட்டு, ‘கிடைத்த இடம் எது? எந்தப் பாறை அடுக்கு?’ என்று கேளாமல் விடுவதே குறை. புதைபடிவத்தின் மதிப்பில் பாதி அது கிடந்த இடத்தில் இருக்கிறது.

நம் பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பு ஓடையிலோ, ராஜபாளையம் அய்யனார் கோயில் ஆற்றிலோ இறங்கிப் பாருங்கள். முட்டையைப் போன்ற வழவழப்பான கற்களை எடுக்கலாம். அவை உருண்டது எப்படி? வெள்ளத்தில் கற்கள் ஒன்றோடொன்று மோதும்போது, துருத்தி நிற்கும் மூலைகளே அதிகம் அடிபடுகின்றன. மூலைகள் முதலில் தேய்வதால் எந்தக் கல்லும் நாளடைவில் உருண்டையாகிறது. இதற்கு உயிர் எதுவும் தேவையில்லை.

மேலும், இக்கற்களின் தாய்ப்பாறை நைஸ், சார்னோக்கைட் வகையைச் சேர்ந்தது. பூமியின் ஆழத்தில், 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில், 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் உருமாறிய பாறை அது. அந்த உலையில் எந்த எலும்பும் ஓடும் தப்பியிராது. ஆகவே இங்கே கிடைத்த கல்லை ஒருவர் ‘டைனோசர் முட்டை’ என்றால், கல்லைப் பாராமலே நாம் ஐயுறலாம்.

அரியலூர் அப்படிப்பட்டதன்று. கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. 1840களில் கே, கன்லிஃப் என்னும் இருவர் இப்பகுதிக் கடற்படிவங்களைத் திரட்டினர்; பிளான்ஃபோர்டு 1862இல் பாறை அடுக்குகளை விவரித்தார். கள்ளங்குறிச்சிச் சுண்ணாம்புக் கல்லில் சிப்பிகள் அடை அடையாக உள்ளன. நம் வீட்டுக்கு வரும் சிமெண்டிலும் அக்கடலின் ஒரு துளி கலந்திருக்கக்கூடும்!

இடம் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் அரியலூரே சான்று. கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் விவரித்து, ‘பிருகத்காயோசாரஸ்’ என்று பெயரிட்டனர். அவர்களின் கட்டுரை 1980களின் பிற்பகுதியில் வெளிவந்தது. கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்றனர். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்ட விலங்கு, பின்னர் நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாற்றி வகைப்படுத்தப்பட்டது.

ஆனால் கட்டுரையில் இருந்தவை சில கோட்டுப்படங்களே. எலும்புகளோ நொறுங்கி அழிந்துவிட்டன. ‘அது எலும்புதானா, கல்லாகிய மரமா?’ என்ற ஐயம் எழுந்தது. ஐயம் வீணானதன்று; அருகிலுள்ள சாத்தனூரிலேயே 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறதே! 2022இல் பழைய ஒளிப்படங்கள் வெளியான பின்பே, அவை எலும்புகள் என்ற கருத்து வலுப்பெற்றது. 2023இல் வந்த ஒரு மதிப்பீடு அவ்விலங்கின் எடையை 110 முதல் 170 டன் வரை எனச் சொன்னது. 60 டன் இடைவெளியைக் கவனியுங்கள்! மறுபடி அளந்து பார்க்க எலும்பு இல்லை. அளந்ததை இன்னொருவர் அளந்து சரிபார்க்க முடியாவிட்டால் அது அறிவியலில் பாதி வழியே.

உலகின் மிகப் பெரிய விலங்குகளுள் ஒன்று நம் மண்ணில் உலவியிருக்கலாம். அதை ஐயமின்றிச் சொல்லும் வாய்ப்பை, பாதுகாக்கப்படாத எலும்புகளோடு நாம் இழந்தோம். பெருமை பேசும் கட்டுரைகளில் இந்த இழப்புக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது முறையன்று.

மாணவர்களே, இனி இத்தகைய செய்தியைப் படித்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பாறையில் கிடைத்தது? யார் ஆராய்ந்தார்? பொருள் இப்போது எங்கே இருக்கிறது? அரியலூர்ப் பக்கம் போய் நீங்களே ஒன்றைக் கண்டால், பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அருகிலுள்ள கல்லூரி நிலவியல் துறைக்குச் சொல்லுங்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால், உங்கள் அலமாரியில் இன்னொரு கல் சேரும், அவ்வளவுதான்.