பிரசங்கமும் நடத்தையும்

இளைஞர் கோயிலை மறந்து வருகின்றனர் என்னும் முறையீடு கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கிறிஸ்தவக் குடும்பங்களிலே அடிக்கடி கேட்கிறது. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பைக் கூட்டுதல், போட்டி நடத்துதல், பரிசளித்தல் ஆகியன பரிகாரங்களாகக் கூறப்படுகின்றன. இது மதத்தாரின் வீட்டு விவகாரம் என்று முற்போக்காளர் ஒதுக்கிவிடலாகாது. ஒரு நம்பிக்கை தாயிடமிருந்து பிள்ளைக்கு எவ்வாறு செல்கிறது என்பது, எந்தக் கொள்கையையேனும் அடுத்த தலைமுறைக்குக் கையளிக்க விரும்பும் அனைவரையும் பற்றிய வினாவாகும். அதற்கு நம் நாட்டு வரலாறே விடை வைத்திருக்கிறது.

ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவ்வழிபாட்டைத் தடைசெய்து, தமது சீர்திருத்தச் சபையை அரசின் மதமாக்கினர். பாடசாலைகள் அமைந்தன, ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிலே பதியப்பட்டன. தோம்பிலே பெயரில்லாதவனுக்கு உத்தியோகம் அரிது. முதுசச் சொத்துக்கு உரிமை காட்டுவதும் கடினம். ஆயிரமாயிரம் பேர் பதிந்துகொண்டனர். ஆயின் 1796 இல் ஆங்கிலேயர் வந்து கட்டாயம் தளர்ந்ததும் அக்கிறிஸ்தவம் வெகு விரைவிலே தேய்ந்தது. கொட்டாஞ்சேனைக்கு அண்மையில், 1757 இல் திறக்கப்பெற்ற வுல்பெண்டால் தேவாலயம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. கல் நின்றது, தோம்பிலே பெயர் எழுதியவர்களின் நம்பிக்கை நிற்கவில்லை.

தடைசெய்யப்பட்ட மதத்தின் நிலை யாது? ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இலங்கைக் கத்தோலிக்கருக்குக் குரு இல்லை, பாடசாலை இல்லை, திறந்த கோயில் இல்லை. இருந்தும் 1687 இல் ஜோசப் வாஸ் என்னும் கோவா நாட்டுக் குரு கூலியாளின் கோலத்தில் வந்து, கழுத்திலே செபமாலை தெரிய யாழ்ப்பாணத்தில் வீடுவீடாகப் பிச்சை கேட்டபோது, அச்செபமாலையை அடையாளங் கண்ட வீடுகள் இருந்தன. யார் அவர்களுக்குப் போதித்தார்? மாலையிலே தாய் முழந்தாளிட்டதைப் பார்த்திருந்த பிள்ளைகளே அவ்வீடுகளில் வளர்ந்து பெரியோராகியிருந்தனர். 1697 இல் கண்டியிலே வைசூரி பரவி, உற்றாரே நோயாளரைக் கைவிட்டு ஓடிய வேளையில், வாஸ் அடிகள் மதபேதம் பாராது அவர்களைப் பராமரித்தார். இறந்தோரை அடக்கம் செய்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலே அவரைப் புனிதராக அறிவித்தார். மக்கள் அந்தத் தீர்ப்பை மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழங்கிவிட்டனர்.

இலக்கியத்துக்கும் இதுவே உரைகல். வாஸ் அடிகளின் வழியிலே 1705 இல் வந்த சாங்கோபாங்க சுவாமி எனப்படும் யாக்கோமே கொன்சால்வெஸ், தமிழையும் சிங்களத்தையும் கற்று இரு மொழியிலும் எழுதினார். இயேசுவின் பாடுகளைக் கூறும் அவரது ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்திலே ஊரவர் கூடியிருக்கப் புலம்பல் ராகத்தில் வாசிக்கப்படும் நூலாக வாழ்ந்து வந்துள்ளது. அது நிலைத்ததற்குக் காரணம் அதன் இறையியல் நுட்பமன்று. மகனை இழந்த தாயின் துயரம், கடலுக்குப் போனவன் திரும்பாத வீடுகளுக்குப் புதியதன்று. வாசித்தவனும் கேட்டவனும் ஒரே ஊரார். சொல் அவர்கள் வாழ்வைத் தொட்டது. அந்நூல் துயரைக் கூறுமளவுக்குத் துயரின் சமூக வேர்களைக் கூறவில்லை என்பது உண்மையே. அது காலத்தின் எல்லை. எனினும் மக்களுக்காக எழுதுவதாகக் கூறும் நமது எழுத்துக்களிலே, மக்கள் தம் வாயால் வாசித்துத் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கத்தக்கவை எத்தனை?

1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க முற்பட்டபோது, கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளிலே புகுந்து குடியிருந்து எதிர்த்தனர். பாடசாலை போனால் விசுவாசம் போகும் என்று அவர்கள் அஞ்சினர். பாடசாலை மாறினால் மனிதன் மாறுவான் என்று இடதுசாரிகளுட் பலர் நம்பினர். இரு சாராரும் ஒரே பிழையைச் செய்தனர், வீட்டை மறந்தனர். சட்டத்தை நான் இன்றும் ஆதரிக்கிறேன். கல்வி சபைகளின் உடைமையாக இருத்தலாகாது. ஆனால் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலே செவ்வாய்க்கிழமை தோறும் கூடும் கூட்டத்தைக் காண்போர், விசுவாசம் பாடசாலையோடு போய்விடவில்லை என்பதை உணர்வர்.

2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அக்கோயிலிலே குண்டு வெடித்தது. வழிபட வந்தோர் மாண்டனர். பழிவாங்கலாகாது என்று பேராயர் வேண்டினார். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்திலே முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அவ்வாரங்களிலே முஸ்லிம் அயலவரைப் பற்றிக் கிறிஸ்தவ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பெற்றோர் பேசிய பேச்சு எதுவோ, அதுவே பிள்ளைகள் பெற்ற மறைக்கல்வி. ‘பகைவரை நேசி’ என்பதை வகுப்பில் மனனஞ் செய்த பிள்ளை, அம்மேசையிலே அதன் பொருளையோ பொய்யையோ கற்றுக்கொண்டது. சாதிக்கேற்ப இடம் வகுத்த வடபுலக் கோயில்களிலும் பிள்ளைகள் கற்றது பீடத்துப் பிரசங்கத்தையன்று. தாம் அமர்த்தப்பட்ட இடத்தையே.

இவ்வளவும் பிறரைப் பற்றிக் கூறிவிட்டு நான் நிறுத்திக்கொள்ளலாம். ஆயின் அது நேர்மையாகாது. சமத்துவம் என்ற பொருளிலே வகுப்பில் ஒருமுறை கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், ‘எங்கள் வீட்டில் வேலை செய்யும் மலையகத்து அக்காவுக்குத் தனிக் கோப்பை உண்டு’ என்று ஒரு வரி எழுதியிருந்தான். அவன் தந்தை தொழிற்சங்க மேடைகளிலே நன்றாகப் பேசுபவர். அவ்வரியின் அருகில் சிவப்பு மையால் ஏதும் எழுத என்னால் இயலவில்லை. என் வீட்டுச் சமையலறை என் நினைவுக்கு வந்தது. 1933 இன் வெள்ளவத்தை நெசவாலை வேலைநிறுத்தத்தைப் பெருமையோடு பேசும் நாம், அதே வெள்ளவத்தையின் மாடிவீடுகளிலே நமக்குச் சமைப்பவளை எங்கே இருத்தி உண்ணச் செய்கிறோம்?

நம்பிக்கை உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் விதி ஒன்றே. பிள்ளைகள் நம் சொல்லைக் கேட்கின்றனர். நம் கையைப் பார்க்கின்றனர். இரண்டும் மாறுபடுமிடத்து அவர்கள் கையையே பின்பற்றுவர். இளைஞர் கோயிலை விட்டு அகல்கின்றனர் என்று வருந்தும் பெற்றோரும், இயக்கத்தை விட்டு அகல்கின்றனர் என்று வருந்தும் நாமும் தோம்பைப் புரட்டிப் பயனில்லை. முதலில் அந்தத் தனிக் கோப்பையை அகற்றுவோம்.